கூரை ஒழுகினால் வாளி வைப்பதா, கேள்வி கேட்பதா?

உங்கள் வீட்டுக் கூரைக்கு வயது என்ன?

கார் கடன் எந்த மாதம் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையின் டியூஷன் கட்டணம் எவ்வளவு என்று தெரியும். ஆனால் தலைக்கு மேல் இருக்கும் கூரை எந்த ஆண்டில் போடப்பட்டது, அது யாருக்குச் சொந்தம், கெட்டுப் போனால் யார் பணம் போட வேண்டும் என்று கேட்டால் நம்மவர்களில் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். மழை பெய்தால் ஒரு வாளி. பலத்த மழை என்றால் வாளியோடு ஒரு பேசின். காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவேன். இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

மூன்று தலைமுறைகளாக நம் தலைக்கு மேல் இருந்தது அடுத்தவர் கூரை. தோட்டத்து லயத்தில் அது கம்பெனியின் கூரை. ஒழுகினால் மண்டோரிடம் சொல்ல வேண்டும். மண்டோர் கிராணியிடம் சொல்வார், கிராணி துரையிடம் சொல்வார். துரைக்கு மனம் வந்தால் தகரம் வரும். ரயில்வேயிலும் பொதுப்பணி இலாகாவிலும் வேலை செய்தவர்களுக்கு அரசாங்கக் கூரை. பிரிக்பீல்ட்சில் 1905-ல் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். அப்பாவின் வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூரையைப் பற்றிக் கவலைப்படுவது நம் வேலையாக இருந்ததே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கே கூரையோடு சம்பந்தம் உண்டு. 1881-ல் முதலில் தீ, பிறகு வெள்ளம் என்று கோலாலம்பூர் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக நெருக்கியடித்துக் கட்டப்பட்ட ஊர் அது. அடுத்த ஆண்டு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹம், இனிமேல் செங்கல்லும் ஓடும் கொண்டுதான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்காக யாப் ஆ லோய் சூளை வைத்துச் செங்கல் சுட்ட இடம்தான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். ஊர் எரிந்த பிறகுதான் கூரை மாறியது. இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் பட்டணத்துக்கு வந்தோம். பணம் சேர்த்து, கடன் வாங்கி, மலிவு விலை வீடு வாங்கினோம். 1982 முதல் அதன் உச்ச விலை 25,000 வெள்ளி. 1998-ல் அதை நகர்ப்புறங்களில் 42,000 வெள்ளி வரை உயர்த்தினார்கள். கடன் 25 ஆண்டு, 30 ஆண்டு. வீட்டுக்காகப் பத்து இடத்தில் கையெழுத்துப் போட்டோம். வங்கிக்காரர் பேசினார், மேம்பாட்டாளர் பேசினார், என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரும் ஐந்து நிமிடம் பேசியிருப்பார். கூரையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். சிமெண்டு ஓடு நன்றாகப் போடப்பட்டிருந்தால் 30 முதல் 50 ஆண்டு தாங்கும். தகரம் 15 முதல் 25 ஆண்டு. அடுக்குமாடியின் தட்டையான கான்கிரீட் கூரை மீது பூசும் நீர்க்காப்புப் பூச்சு 10, 15 ஆண்டில் செத்துவிடும். அதாவது, கடன் முடிகிற வயதும் கூரை முடிகிற வயதும் ஏறக்குறைய ஒன்று! வீடு முழுசாக நம்முடையது ஆகும் நேரத்தில்தான் கூரை கைவிடுகிறது. 1980-களிலும் 90-களிலும் எழும்பிய வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் எல்லாம் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

ஒழுகல் வேறு, கூரையின் முடிவு வேறு

ஒரு துளி சொட்டியதும் "கூரையையே மாற்ற வேண்டும்" என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பத்துத் துளி சொட்டியும் "கொஞ்சம் சிலிக்கோன் தடவினால் போதும்" என்று சொல்லும் ஆளையும் நம்பாதீர்கள். நீங்களே பாருங்கள். இதற்குப் படிப்பு தேவையில்லை, கண் போதும்.

முதலில் வெளியே போய், எதிர்ச்சாரியில் நின்று முகட்டைப் பாருங்கள். அது நூல் பிடித்தது போல் நேராக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்து, பழைய கட்டில் போல் பள்ளம் விழுந்திருந்தால் பிரச்சினை ஓட்டில் இல்லை. ஓட்டைத் தாங்கும் மரத்தில் இருக்கிறது. ஓடு பத்து உடைந்தால் பத்து ஓடு வாங்கி மாற்றலாம். மரம் போய்விட்டால் கூரை போய்விட்டது என்றே அர்த்தம்.

அடுத்து உள்ளே. சீலிங்கில் ஆள் ஏறுவதற்கு ஒரு சதுரத் திறப்பு இருக்கும். உச்சி வெயில் நேரத்தில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஏணி வைத்துத் தலையை மட்டும் உள்ளே நீட்டுங்கள். மேலே ஏறி நடக்க வேண்டாம், சீலிங் பலகை உங்கள் எடையைத் தாங்காது. இருட்டில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரிகிறதா? எத்தனை இடத்தில்? ஒரு மூலையில் மட்டும் என்றால் அங்கே ஓடு நகர்ந்திருக்கிறது. கூரை முழுக்க நட்சத்திரம் போல் தெரிந்தால் அது வேறு கதை. பிறகு டார்ச் லைட் அடித்து மரத்தைப் பாருங்கள். கறுத்த இடத்தில் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். நல்ல மரத்தில் முனை இறங்காது. கேக்கில் இறங்குவது போல் இறங்கினால் அது உளுத்துவிட்டது. மண் குழாய் போல் கோடு ஓடினால் கரையான்.

சீலிங்கில் உள்ள பழுப்புக் கறையும் பேசும். ஒரே ஒரு வட்டம் என்றால் ஒரு முறை நனைந்து காய்ந்தது. வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம் என்றால் பல முறை நனைந்து காய்ந்திருக்கிறது. பல ஆண்டு மழை அதில் எழுதப்பட்டிருக்கிறது.

தகரக் கூரையில் பெரும்பாலும் முதலில் சாவது தகரம் அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையம். வெயிலில் அது பொடிந்துவிடும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். ஸ்குரூவை மாற்றினால் கூரை இன்னும் சில ஆண்டு ஓடும். ஆனால் ஸ்குரூவைச் சுற்றித் தகரமே துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் செதிலாக உதிர்கிறது என்றால் புது ஸ்குரூவுக்குப் பிடிமானம் இருக்காது. அடுத்த புயல் காற்றில் தகடு பறக்கும். பறக்கும் தகரம் கத்தி மாதிரி.

தரைவீடுகளில் இன்னொன்று: பக்கத்து வீட்டுச் சுவரும் நம் கூரையும் சேரும் இடம், இரண்டு சரிவுகள் சந்திக்கும் பள்ளம், முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சிமெண்டுக் கலவை. முக்கால்வாசி ஒழுகல் இந்த மூன்று இடங்களில்தான் என்பது அனுபவப்பட்ட கொத்தனார்கள் சொல்வது. இவற்றைத் தனியாகச் சரி செய்யலாம். இதற்காகக் கூரை முழுவதையும் கழற்றச் சொல்பவர் உங்கள் கூரையைப் பார்க்கவில்லை, உங்கள் சேமிப்பைப் பார்க்கிறார்.

என் கணக்கு எளிது. ஒரே இடம், முதல் முறை என்றால் ஒட்டுப் போடுங்கள். ஒட்டுப் போட்ட அதே இடம் மூன்றாம் முறையாக ஒழுகினாலோ, ஒவ்வொரு மழைக்கும் புது இடத்தில் சொட்டினாலோ, மரம் உளுத்திருந்தாலோ இனி ஒட்டுக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் ஏறிய இரவை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் கூரை மீது ஏறினார்கள். உயிர் காத்தது அந்தக் கூரை. ஆனால் ஓட்டுக் கூரை ஒரு குடும்பம் ஏறி நிற்பதற்காகப் போடப்பட்டது அல்ல. மிதிபட்ட ஓட்டில் விழுந்த மெல்லிய விரிசல் அன்று தெரியாது. மூன்று, நான்கு ஆண்டு கழித்து மரத்தில்தான் தெரியும். சுவரில் சேறு படிந்த கோட்டைப் பார்த்து வீட்டைக் கழுவினோம், சாயம் அடித்தோம். தலைக்கு மேலே பார்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தப் பகுதியில் வசிப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து மேற்சொன்ன ஏணியை இந்த வாரமே எடுங்கள்.

அது யாருடைய கூரை?

பணப்பையைத் திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

கிள்ளானில் நான்கு மாடி மலிவு விலை அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருக்கும் ஒரு குடும்பம் என் அலுவலகத்துக்கு வந்தது. கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார், மனைவி தொழிற்சாலையில். ஐந்தாண்டில் மூன்று முறை சொந்தப் பணத்தில் ஆள் வைத்து மொட்டை மாடியில் தார் பூசியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்து ஒரு முறை. நான்காம் மழைக்காலத்தில் சீலிங் பலகை கட்டில் மேல் விழுந்தது. குழந்தை அந்த நேரம் கூடத்தில் இருந்தது, அதனால் பிழைத்தது. "சார், இன்னும் நல்ல தார் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கத்தான் வந்தார்கள்.

அந்த மொட்டை மாடி அவர்களுடையதே அல்ல! அடுக்குமாடியில் உங்கள் வீடு என்பது உங்கள் நான்கு சுவருக்கு உள்ளே இருப்பது. கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, லிப்ட் எல்லாம் பொதுச் சொத்து. அதைப் பராமரிக்கும் பொறுப்பு ஜே.எம்.பி. அல்லது எம்.சி. என்ற நிர்வாகக் குழுவுக்கு. அதற்கான செலவு தரைமாடிக்காரர் முதல் மேல்மாடிக்காரர் வரை எல்லாருக்கும் உரியது. மேலே இருப்பவர் தலையில்தான் சொட்டுகிறது என்பதால் அவர்தான் செலவழிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அவர் வீட்டுக்கும் அதே கூரைதான்.

சட்டத்தின் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள்: 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், சட்டம் 757. 2015-ல் நடப்புக்கு வந்தது. அதன்படி மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு இன்னொரு பத்து விழுக்காடு சேமநிதிக்காகக் கட்டுகிறோம். அந்தச் சேமநிதி எதற்கு? கூரை மாற்றுவது போன்ற பெரிய செலவுக்குத்தான். அதே சட்டத்தின் 2015 ஒழுங்குமுறைகளில் ஒழுகலுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. சீலிங்கில் ஈரம் என்று நீங்கள் எழுத்தில் அறிவித்தால் ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்த ஐந்து நாளுக்குள் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று சான்றிதழ் தர வேண்டும். பொதுச் சொத்துதான் காரணம் என்றால் சரி செய்யும் நடவடிக்கையை நிர்வாகம் ஏழு நாளுக்குள் எடுக்க வேண்டும். வாயால் சொன்னால் இந்த நாள்கணக்கு எதுவும் ஓடாது. எழுத்தில் கொடுத்தால்தான் ஓடும்.

செய்யவில்லையா? ஊராட்சி மன்றத்தில் கட்டட ஆணையர் என்று ஒருவர் இருக்கிறார், சி.ஓ.பி. என்பார்கள். கிள்ளான்வாசிகளுக்கு அது 2024 பிப்ரவரியில் மாநகர் மன்றத் தகுதி பெற்ற கிள்ளான் அரச மாநகர் மன்றம். தலைநகரில் டி.பி.கே.எல். அதற்கும் அசையவில்லை என்றால் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம். 250,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம். சிக்கலான சட்டப் பிரச்சினை இருந்தாலன்றி அங்கே வழக்கறிஞர் வரக்கூடாது. எங்கள் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம். உங்கள் கதையை நீங்களே சொல்லலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவை மதிக்காமல் இருப்பது குற்றம்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம்மில் பலர் பராமரிப்புக் கட்டணம் கட்டுவதில்லை. "லிப்ட் ஓடவில்லை, குப்பை அள்ளவில்லை, நான் ஏன் கட்ட வேண்டும்?" என்கிறோம். கோபம் நியாயம். ஆனால் கணக்கு என்ன ஆகிறது? கட்டாததால் நிதியில் பணம் இல்லை. பணம் இல்லாததால் கூரை இல்லை. பாக்கி வைத்தவருக்கு ஆண்டுக் கூட்டத்தில் வாக்குரிமையும் இல்லை. அப்புறம் யார் அந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள்? கட்டிவிட்டுக் கேள்வி கேட்பவனைத்தான் நிர்வாகம் பயப்படும். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள், சேமநிதி தனிக் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உண்மையிலேயே நிதி காலி என்றால், மலிவு விலை அடுக்குமாடிகளின் பழுதுபார்ப்புக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு நிதி ஒதுக்கி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் 1மலேசியா பராமரிப்பு நிதி, பிறகு மலேசிய வீடமைப்புப் பராமரிப்பு நிதி என்று ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும், லிப்டும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் மாறாமல் பட்டியலில் இருக்கும். விண்ணப்பத்தை நிர்வாகக் குழுதான் அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று உங்கள் குழுவைக் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் மாலை போட்டுப் படம் எடுக்கப் போகும்போது இதையும் கேளுங்கள்.

தரைவீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. கூரை உங்களுடையது, செலவும் உங்களுடையது. ஆனால் புதிய வீடு என்றால், சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைபாடுகளை மேம்பாட்டாளர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். 23-ஆவது மாதத்தில் ஒரு மழை நாளில் வீடு முழுக்கச் சுற்றிப் பாருங்கள். காலம் கடந்துவிட்டாலும் உடனே கைவிடாதீர்கள். மறைந்திருந்த குறைபாடு பிறகு வெளிப்பட்டால், கவனக்குறைவுக்கான வழக்கில், கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. மொத்தத்தில் 15 ஆண்டைத் தாண்டக் கூடாது. 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் இது. பலருக்கு இன்னும் தெரியாது.

பி.பி.ஆர். வாடகை வீட்டில் மாதம் 124 ரிங்கிட் கட்டி இருப்பவர்களுக்குக் கூரை வீட்டு உரிமையாளரான அரசாங்கத்தின் பொறுப்பு. நீங்கள் தார் வாங்க வேண்டாம். கடிதம் எழுதுங்கள். தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு யார் தலையில் என்று எழுதியிருக்கிறதா எனக் கையெழுத்துக்கு முன்பே பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் இருப்பவர்கள்... அவர்கள் கதைதான் வேதனை. தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990-லிருந்து இருக்கிறது. தான் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது, புகாரை ஏற்கத் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஆனால் நிலம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, வேலை போய், ஆள் மட்டும் லயத்தில் தங்கிவிட்டால் "நீ இப்போது தொழிலாளியே இல்லையே" என்று விடுகிறார்கள். அங்கே கூரையைப் பழுது பார்க்காமல் விடுவது மறதியால் அல்ல. நோட்டீஸ் கொடுக்காமல், புல்டோசர் அனுப்பாமல், மழையை வைத்தே ஆளைக் கிளப்பும் வழி அது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பழுது மனுவும் நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு சாட்சி. "இவர்கள் இங்கே வாழ்ந்தார்கள், கேட்டார்கள், மறுக்கப்பட்டார்கள்" என்று அந்தக் காகிதம் பேசும்.

மாற்று வீடு கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். புத்ராஜெயா எழும்புவதற்காக 1990-களில் பிராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி தோட்ட மக்கள் வெளியேற்றப்பட்டு டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். நாட்டின் நிர்வாகத் தலைநகரத்துக்கு மண்ணைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது விரிசல் விட்ட சுவரும் கசியும் வீடும். ஆண்டுக்கணக்கில் மனு மேல் மனு கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது ஒட்டு அல்ல, பாதுகாப்பான தரைவீடு.

"நகராண்மைக் கழகம் அங்கீகரித்த கட்டடம்தானே, ஏதாவது ஆனால் அவர்கள் பதில் சொல்ல மாட்டார்களா?" என்று கேட்பவர்களுக்கு ஹைலண்ட் டவர்ஸை நினைவுபடுத்துகிறேன். 1993 டிசம்பர் 11-ல் அந்தக் கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்தைப் பாதுகாக்கிறது என்று 2006-ல் தீர்ப்பு வந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் வசதியானவர்கள், நல்ல வழக்கறிஞர்கள் வைத்தவர்கள். அவர்களுக்கே அந்த நிலை. விழுந்த பிறகு கிடைக்கும் நியாயத்தை நம்பி யாரும் கூரைக்கு அடியில் படுக்க வேண்டாம்.

சாம்பல் நிறத் தகடு

பழைய மலிவு விலை வீடுகளிலும், லயங்களிலும், கோயில் கொட்டகைகளிலும் அலை அலையாக, சாம்பல் நிறத்தில், பாசி பிடித்த சிமெண்டுத் தகடு இருக்கும். அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் முடியும். ஆகவே பழைய தகடு என்றால் அஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு நடந்து கொள்ளுங்கள். அதன் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தூசியைச் சுவாசித்து இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துக்கூட நோய் வரும். பிரிட்டன் 1999-லும் ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் முழுத் தடை போட்டன. நம் நாட்டில் 1986 விதிமுறைகள் நீல நிற வகையைத் தடை செய்தன.

உடையாமல் கிடக்கும் தகடு உடனே ஆளைக் கொல்லாது, பீதி வேண்டாம். ஆபத்து அதை உடைக்கும்போது, துளை போடும்போது, பாசி போக பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது. மலிவாகச் செய்கிறேன் என்று வரும் ஆள் சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே போடுவான். அந்தத் தூசியைப் பெருக்குவது யார்? வீட்டு அம்மாதான். அந்த ஆளின் சட்டையைத் துவைப்பது அவன் மனைவி. கழற்றினால் தண்ணீர் தெளித்து நனைத்து, ஸ்குரூவை எடுத்து முழுத் தகடாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்ற வேண்டும். பயிற்சி உள்ளவர்களை வைத்துச் செய்வதே நல்லது. அஸ்பெஸ்டாஸ் கழிவு சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் அட்டவணையிடப்பட்ட கழிவு, ஆற்றோரத்தில் கொட்டும் குப்பை அல்ல. முக்கியமாக, "வீணாகப் போகிறதே" என்று அந்தத் தகட்டை எடுத்துக் கோழிக் கூண்டுக்கும் மோட்டார் சைக்கிள் கொட்டகைக்கும் போடாதீர்கள். நம் சிக்கனம் இந்த ஒரு விஷயத்தில் வேண்டாம்.

குத்தகையாளர் கதவைத் தட்டும்போது

பெரிய மழைக்கு மறுநாள் தாமானுக்குள் வேன் வரும். "அண்ணே, உங்க கூரையிலே ஓடு நகர்ந்திருக்கு, மேலே ஏறிப் பாக்கட்டுமா?" ஏறியவர் கையில் உடைந்த ஓட்டோடு இறங்குவார். அது ஏறும்போது உடைந்திருந்ததா, இறங்கும்போது உடைந்ததா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். பாதிப் பணம் முன்பணம், கூரை முழுக்கப் பளபளவென்று ஒரு பூச்சு, பத்தாண்டு உத்தரவாதம் என்று ஒரு அட்டை. அடுத்த மழைக்கு அந்தத் தொலைபேசி எண் வேலை செய்யாது. உளுத்த மரத்தின் மேல் புதுப் பூச்சு அடிப்பது, காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுவது மாதிரி.

கூரை வேலைக்கு மூன்று இடத்தில் விலை கேளுங்கள். சி.ஐ.டி.பி. பதிவு எண் கேளுங்கள். ஓடு எத்தனை, மரம் எந்த வகை, கரையான் மருந்து அடித்ததா, பழைய பொருளை யார் அகற்றுவது என்பதெல்லாம் காகிதத்தில் வரட்டும். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள், கடைசிப் பகுதியை ஒரு பெரிய மழை பார்த்த பிறகு கொடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராதீர்கள். பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள்.

அந்தக் கிள்ளான் குடும்பம் தார் வாங்கவில்லை. அறிவிப்புக் கடிதம் கொடுத்தது, மேல்தளத்தில் இருந்த மற்ற வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. சீன அண்டை வீட்டார் ஒருவர், மலாய்க் குடும்பங்கள் இரண்டு. மழைக்கு இனம் தெரியாது, எல்லார் வீட்டிலும் வாளி இருந்தது. நிர்வாகம் சேமநிதிக் கணக்கைக் காட்ட இழுத்தடித்தது. சி.ஓ.பி. கடிதம் வந்த பிறகு காட்டியது. நீர்க்காப்பு வேலை நடந்து முடிய ஒன்றரை ஆண்டு ஆனது. மூன்று முறை செலவழித்த பணம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் ஒரு ரசீதுகூட இல்லை.

ஆகவே இன்றிலிருந்தே ரசீது சேருங்கள். சொட்டும் இடத்தைத் தேதி தெரியும்படி கைப்பேசியில் படம் எடுங்கள், ஒவ்வொரு மழைக்கும். கடிதத்தை மலாய் மொழியில் எழுதுங்கள். வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் அதுவே எழுதும். வீட்டு எண், எந்த அறை, முதன்முதலில் எப்போது சொட்டியது, இதுவரை எத்தனை முறை சொன்னீர்கள், என்ன கேட்கிறீர்கள். ஒரு பக்கம் போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய் நிர்வாக அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்த மறுத்தால் அங்கே சண்டை போட வேண்டாம். நேரே தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த ரசீதைப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள்.